முடித்துத் தருவதாகச் சொன்ன கார்

மார்ச் 4, செவ்வாய்

விளக்கேற்றி உட்கார்ந்தும் மனம் நிற்கவில்லை. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர், அண்ணனின் மருத்துவமனைப் பை என்று ஜபத்துக்கு நடுவில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாளை அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுகிறார்கள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன். உயரத்துக்குப் பயப்படாதவன், ஊசிக்குப் பயப்படுகிறான். பையில் எத்தனை துண்டு வைப்பது என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்க, அவன் மேஜையைக் காட்டி, "பாப்பா, அதை நீ எடுத்துட்டுப் போ" என்றான். எனக்கு ஐம்பத்து மூன்று. இன்னும் பாப்பாதான்.

அது ஒரு கார் கிட். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டிச் செய்கிற சின்னக் கார். முழுசாகச் செய்தால் ஒரு சாண்கூட வராது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய இரண்டு கதவு வண்டி. எழுபது வருஷத்துக்கு முன்னால் கையில் காசில்லாத பையன்கள் இப்படிப்பட்ட ஓட்டை வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய இன்ஜினைத் திணித்து ஓட்டினார்களாம். ஹாட் ராட் என்று பெயர். அண்ணனுக்கு அந்தக் காலத்து முறை அப்படியே வேண்டும். "அம்பத்திரண்டாம் வருஷம். அதுக்குப் பிறகு வந்த ஒரு திருகாணிகூட இதுல ஏறக் கூடாது" என்பான்.

"இங்க வச்சா இவ குப்பையோட சேர்த்துத் தள்ளிடுவா."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றார் அண்ணி, துண்டை மடித்தபடி.

"நீ உப்புத்தாள் மட்டும் போட்டு வை. வேற எதையும் தொடாதே. நான் வந்து பார்த்துக்கறேன்."

மூன்று வருஷமாக அவனுக்கு உப்புத்தாள் போடுகிறவள் நான். அவன் புத்தகங்களைப் படித்து, வீடியோக்களைப் பார்த்து, எல்லா வேலையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

உப்புத்தாள் போட்டேன். கதவு இரண்டும் வழவழவென்று இருக்கின்றன. இதற்கு மேல் தேய்த்தால் ஓட்டை விழும்.

மார்ச் 11, செவ்வாய்

ஆபரேஷன். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், வந்தேன், மறுபடி போனேன். தாகமே இல்லை. ஒரு நர்ஸ் வேகமாக வந்து யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். என்ன ஆச்சு? ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க?

பிரார்த்தனை வரவில்லை. தினமும் சொல்கிற வரிகளில் ஒன்றுகூட நாக்கில் ஏறவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கார்தான் வந்தது. கூரையைத் தாங்கும் தூண்களில் எங்கே அறுக்க வேண்டும் என்று அவன் பென்சிலால் போட்டு வைத்திருந்த கோடு. அதையே பிடித்துக்கொண்டேன். சாமி, இவன் பிழைத்து வரட்டும். அந்தக் காரை நானே முடித்து இவன் கையில் தருகிறேன்.

உபவாசம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். காணிக்கை என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எனக்குப் பழக்கமானது. வாயில் வந்தது இது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். வால்வு பொருந்திவிட்டதாம். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை. முதலில் முன்தூணை அறுப்பதா, பின்தூணையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியாயிற்று.

மார்ச் 13, வியாழன்

கண் விழித்துவிட்டான். என் விரலைப் பிடித்து அழுத்தினான். சாமி தன் பங்கைச் செய்துவிட்டார். இனி என் பங்கு.

மார்ச் 17, திங்கள்

என் வீட்டுக்காரர் கிடங்கு வேலைக்குக் கிளம்பியதும் சமையலறை மேஜையில் பழைய பேப்பரை விரித்தேன். அண்ணன் போட்ட கோடு நான்கு மில்லிமீட்டர். நிஜ வண்டியில் அது நாலு அங்குலம். விரல் நீள ரம்பத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தேன். கூரை தனியாகக் கையில் வந்தது. தூண்களில் அந்த நாலு மில்லிமீட்டரை எடுத்துவிட்டுக் கூரையைத் திரும்ப வைத்தால் — சேரவில்லை.

பின்னால் சரியாக உட்கார்ந்தால் முன்னால் இடைவெளி. முன்னால் இழுத்தால் பின்னால் இடைவெளி. இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, அடுப்பில் வைத்தது தீய்கிற வாசனை வந்த பிறகுதான் புரிந்தது. தூண் நேராக நிற்கவில்லை, பின்னால் சாய்ந்து நிற்கிறது. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் கூரை நீளம் போதாது. சாய்வாக வெட்டிய துணியில் நடுத்துண்டை எடுத்துவிட்டுத் தைத்தால் ஓரம் சேராது என்று தையலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இதில் தோன்றவில்லையே.

அண்ணனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கேட்க முடியாது. உப்புத்தாள் மட்டும் என்றுதானே சொன்னான்.

மார்ச் 18, செவ்வாய்

கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்தேன். பயம் விட்டுப்போயிற்று. மாவு டப்பாவின் மூடியிலிருந்து ஒரு பட்டை வெட்டி நடுவில் வைத்துப் பசை போட்டு, இடுக்கு தெரியாமல் மேலே புட்டி மாவு பூசினேன். அதே வெள்ளை, அதே கனம். கச்சிதமாக உட்கார்ந்தது. மாலைப் பிரார்த்தனை தடங்கல் இல்லாமல் போனது.

மார்ச் 20, வியாழன்

விரல் பட்டதும் பட்டை புட்டியோடு முழுசாகக் கழன்று விழுந்தது. பல்செட் மாதிரி.

"என்ன, சூடான கம்பி ஆறிப்போச்சா?" என்றார் இவர். ஹாட் ராட் என்ற பெயரைச் சொன்ன நாளிலிருந்து இவருக்கு இது சூடான கம்பி. மூடி இல்லாத மாவு டப்பாவையும் இவர்தான் கண்டுபிடித்தார்.

கிட் விற்கிற மாடல் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மூடித் துண்டை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். "இது வேற பிளாஸ்டிக்ம்மா. இந்தப் பசை இதை ஒண்ணுமே பண்ணாது. கிட்ல பாகங்களைச் சுத்தி ஒரு சட்டம் வரும் பாருங்க, தூக்கிப் போடுவோமே, அதைத் தேய்ச்சுப் பட்டையாக்குங்க. அதுதான் இதோட சேரும்" என்றார். பிறகு, "பேரனுக்கா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு."

"அண்ணனுக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு."

மேலே ஒன்றும் கேட்கவில்லை, பாவம்.

மார்ச் 26, புதன்

சேர்ந்துவிட்டது. அறுத்த இடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். தெரியவில்லை!

புட்டி, ரம்ப பிளேடு, பசை எல்லாவற்றையும் வீட்டுக் கணக்கில் "அண்ணன் வைத்தியம்" என்று எழுதினேன். பொய்க் கணக்கா? வேண்டுதல் வைத்தியத்தில் சேராதா?

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணன் வீடு வந்தான். இளைத்துவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். "வலிக்குதா?" — "இல்ல." "சாப்பிடறியா?" — "வேண்டாம்." டாக்டர் நடக்கச் சொன்னாராம், மாட்டேன் என்கிறானாம். அண்ணி சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "நெஞ்சைச் சரி பண்ணி அனுப்பிட்டாங்க. ஆளை அங்கேயே வச்சுக்கிட்டாங்க போல."

காரைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதது நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி?

ஏப்ரல் 5, சனி

அண்ணனின் திட்டத்தாளில் எல்லாம் இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். ஆனால் எனக்கு வேறு கேள்வி வந்துவிட்டது. இந்த வண்டியை ஓட்டியவன் யார்? பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையன் என்று வைத்துக்கொண்டேன். இருபது வயது. சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிடுவான். மீதியில் பெட்ரோல், சட்டை, சினிமா. வண்டிக்கு என்ன மிஞ்சும்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்ஜினுக்குச் சேர்த்தது போக, சீட்டுக்குக் காசு இருக்காது. பழைய கம்பளியைத்தான் போர்த்தியிருப்பான். முன்விளக்கு ஒரு ஜோடி புதிதாக வாங்க முடியாது. ஒன்று பழையது, ஒன்று வேறு வண்டியிலிருந்து. கம்பளிக்கு என் பழைய சாம்பல் நிறச் சால்வையின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டினேன்.

அந்தப் பையனின் அம்மாவை நினைத்தால் சிரிப்பு வருகிறது. வாசலில் எண்ணெய்க் கறை. என்ன திட்டு வாங்கியிருப்பான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிட்டில் வந்த பம்பர், இன்ஜின் மூடி எல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. பட்டறைப் பையனிடம் இது எப்படி வரும்? துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டு வைத்தேன். பளபளப்பு மொத்தமும் உரிந்து கழன்று அடியில் தங்கிவிட்டது. இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் துணி துவைத்த கை. பிறகு மங்கிய அலுமினிய நிறம் அடித்தேன்.

காலைப் பிரார்த்தனையை இன்று சுருக்கிக்கொண்டேன். நேற்றும்.

ஏப்ரல் 12, சனி

கறுப்பு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன்.

கறுப்பு விலை அதிகம். பையன் வாங்கியிருக்க மாட்டான். இரும்பு கேட்டுக்கு முதல் பூச்சாக அடிப்போமே, ரெட் ஆக்சைடு, செங்கல் நிறம். எல்லாப் பட்டறையிலும் மூலையில் ஒரு டின் கிடக்கும். துருப் பிடிக்காமல் இருக்க அதை அடித்திருப்பான். பிறகு காசு வந்ததும் நல்ல பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைத்திருப்பான். காசு வந்திருக்காது.

சிவப்பு, பழுப்பு, ஒரு துளி கறுப்பு. கலந்து மூன்று தடவை மெல்லிசாக அடித்தேன். காய்ந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

இது அண்ணனின் கார் இல்லை.

ஏப்ரல் 19, சனி

கடைக்காரரின் உதிரிப் பெட்டியில் பின் விளக்கு ஒரு ஜோடி கிடைத்தது. கூம்பு மாதிரி நீண்டு, ரத்தச் சிவப்பில். கிட்டில் வந்த வட்ட விளக்கைத் தூக்கி வைத்துவிட்டு இதை ஒட்டினேன். வண்டிக்கு முகம் வந்த மாதிரி இருக்கிறது. பின்பக்கத்துக்கு முகம்!

ஏப்ரல் 24, வியாழன்

முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அண்ணனைப் பார்த்து வந்தேன். அதே சுவர். காரை எடுத்துப் போகவில்லை. பெயிண்ட் நன்றாகக் காய வேண்டும்.

மே 3, சனி

எடுத்துப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டம். உடைந்துவிடும்.

மே 6, செவ்வாய்

மழை.

மே 9, வெள்ளி

இனியும் எனக்கு நானே பொய் சொல்ல முடியாது. தர மனசு வரவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் காது சமையலறையில் இருக்கிறது, பூனை மேஜையில் ஏறிவிட்டதா என்று.

வேண்டிக்கொண்டதை வார்த்தை வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தேன். "இவன் பிழைத்து வரட்டும்." பிழைத்துவிட்டான், வந்துவிட்டான். ஓட்டை எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு கார் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மளிகைக் கடையில் ஒரு ரூபாய் அதிகம் கொடுக்காதவள், அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். யாரும் கேட்கக்கூட இல்லை. நானாகவே.

சாயங்காலம் இவர் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன, நீயே வச்சுக்கப் போறியா?" என்றார்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலை. ஆனா ரெண்டு வாரமா மேஜையில ஓரமா உட்கார்ந்து சாப்பிடறது நான்தானே."

"அவனுக்குத்தான் கொடுக்கப் போறேன். நாளைக்கே கொடுக்கறேன். போதுமா? எல்லாருக்கும் சந்தோஷமா?"

"ஏம்மா, நான் என்ன பண்ணினேன்?"

அவர் ஒன்றும் பண்ணவில்லை. அது எனக்கும் தெரியும்.

அண்ணன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறான். நான் ஒரு பொம்மைக் காருக்கு அழுகிறேன். என்ன பக்தி இது? என்ன பொம்பளை நான்?

மே 10, சனி

கொடுத்துவிட்டேன்.

செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப் போனேன். அவன் மெதுவாகத் திரும்பி, பெட்டியைத் திறந்து, வெளியே எடுத்தான். பாராட்டுவான் என்று நினைத்தேனா? திட்டுவான் என்று நினைத்தேனா? கூரையை விரலால் தடவினான். கவிழ்த்துப் பார்த்தான்.

"கறுப்பு சொன்னேன்" என்றான்.

பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வேண்டுதல் நிறைவேறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது காலிச் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

மேஜையைத் துடைத்தேன். பெரிதாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவனாக எனக்குப் பேசுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"பின் விளக்கை யார் வைக்கச் சொன்னது?"

"அழகா இருந்துது."

"அழகா இருக்கும். ஏன் இருக்காது? அது அம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டியோட விளக்கு. இதை வாங்கணும்னா வண்டிக்காரன் அம்பத்திரண்டுலேர்ந்து ஏழு வருஷம் கடை வாசல்ல நின்னிருக்கணும்." வைத்துவிட்டான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கம்பளிக்கும் பெயிண்டுக்கும் அத்தனை கணக்குப் பார்த்தேன். விளக்கு எந்த வருஷம் என்று பார்க்கவில்லை. சிவப்பைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "ஒரு முன்விளக்கு பெரிசு, ஒண்ணு சின்னது. கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுதான் வச்சேன். ஜோடி வாங்க அவன்கிட்ட காசு ஏது?"

"எவன்கிட்ட?"

சொன்னேன். பட்டறை, சம்பளம், அம்மா, கம்பளி. "அம்மாகிட்ட பாதிச் சம்பளமா கொடுப்பான்?" என்றான் கடைசியில். "நாலில் ஒரு பங்குதான் கொடுத்திருப்பான். நான் அவ்வளவுதான் கொடுத்தேன்."

மே 14, புதன்

அண்ணி பேசினார். "நீ என்னத்தைக் கொடுத்துட்டுப் போனியோ, மனுஷன் எழுந்து உட்கார்ந்திருக்கார். பூதக்கண்ணாடி கேட்டார், விளக்கு கேட்டார், ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னார். காலையிலேர்ந்து உன்னைத் திட்டிட்டே இருக்கார். கேட்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

மே 16, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் அண்ணி போனில், பிரேக் ஆயில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். "எதுக்கு அண்ணி?" "தெரியலை, உங்க அண்ணன் கேட்கிறார். காரை அதுல ஊறப் போடணுமாம்."

எனக்குத் தெரியும் எதற்கென்று. பிரேக் ஆயிலில் போட்டால் பெயிண்ட் மொத்தமும் உரிந்து வந்துவிடும். அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தேன்.

அவன் ஜன்னலோரம், மடியில் துண்டு, துண்டில் கார்.

"பெயிண்டை எடுக்கப் போறியா?"

"ஆமா. கறுப்பு அடிக்கணும்."

"எடுக்காதே."

"ஏன்? கொடுத்துட்டல்ல? இப்போ என் காரு. கறுப்பு அடிப்பேன், பச்சை அடிப்பேன், பிச்சுப் போடுவேன்."

"எங்க, பிச்சுப் போடு பார்க்கலாம்!"

"என்னடி மிரட்டற? உன்னைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? உப்புத்தாள்னு சொன்னேனா இல்லையா?"

"தொட்டது என்ன, ஆசைப்பட்டா தொட்டேன்? நீ உள்ளே சாகக் கிடந்த. நீ பிழைச்சு வந்தா முடிச்சுத் தர்றேன்னு சாமிகிட்ட சொல்லித் தொலைச்சேன். பிழைச்சு வந்துட்ட. அதனால தந்தேன். இல்லேன்னா தந்திருப்பேனா இதை உனக்கு?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அண்ணி கையில் மாத்திரையும் தம்ளருமாக அறை வாசலில் நின்றார். நான் என்ன சொன்னேன்? என் வாயா அது?

அண்ணன் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். முகம் கோணியது. "அண்ணா!" என்று பக்கத்தில் ஓடினேன். சிரிக்கிறான். தையல் வலிக்கிறது, சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வழிகிறது. "அப்போ… நான் போயிருந்தா… காரு உனக்கா?"

"வாயை மூடு."

"அடிப்பாவி. ரெண்டு மனசா இருந்துதானே வேண்டிக்கிட்ட?"

"அன்னைக்கு ஒரே மனசுதான். கூரை ஒட்டின பிறகுதான்…" அழுகை வந்துவிட்டது. அண்ணி எனக்கே அந்தத் தம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு அவன் கேட்டான்: "என்னன்னு வேண்டின? சரியாச் சொல்லு."

"முடிச்சு உன் கையில தர்றேன்னு."

"முடிச்சு?"

"ஆமா."

பூதக்கண்ணாடியை எடுத்தான். எத்தனையோ வருஷம் கீழே இறக்குகிற சரக்கை மேலேயிருந்து பார்த்த அதே முகம். "பின் விளக்கு தப்பு. கதவோட உள்பக்கம் வெறும் பிளாஸ்டிக். பிரேக் கம்பி கிடையாது. ரேடியேட்டர்லேர்ந்து இன்ஜினுக்கு ஒரு குழாய் வரணும், எங்க அது? பானெட்டுக்குக் கொக்கி எங்க? இதுவா முடிச்சது? அரைகுறையாக் கொடுத்துட்டு சாமியை ஏமாத்தப் பார்க்கிறியா? எடுத்துட்டுப் போ. முடிச்சுக் கொண்டா."

அண்ணி, "எப்போ முடியும் அது?" என்றார்.

"அது எப்படிச் சொல்றது? கைவேலை."

"கலரு?" என்று நான் கேட்டேன்.

காரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "காசில்லாத பய. சரி, கிடக்கட்டும்."

செருப்புப் பெட்டி கொண்டு போகவில்லை. அண்ணி துண்டில் சுற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "மெதுவாவே பண்ணு பாப்பா. முடிஞ்சா சாமி கணக்கை மூடிடுவாரு. கொஞ்ச நாள் திறந்தே இருக்கட்டும்."

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

மே 17, சனி

இது சாமியிடம் செய்கிற தில்லுமுல்லு இல்லையா? சாமி படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். பதில் இல்லை. ஆனால் வரிகள் ஒன்றுவிடாமல் நாக்கில் வந்தன, நடுவில் பால் கணக்கு வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வட்ட விளக்கை வைத்தேன். பிரேக் கம்பிக்கு மெல்லிய செம்புக் கம்பி. கதவின் உள்பக்கத்துக்குப் பழைய பர்ஸின் தோல், உள்பக்கம் வெளியே தெரிய. "தோலுக்கு அவன்கிட்ட காசு ஏது?" என்றான் அண்ணன் போனில். "அம்மாவோட பழைய பை" என்றேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" "தெரியாது." ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினோம், அந்த அம்மாவுக்கு எப்போது தெரிய வரும் என்று.

ஜூன் 14, சனி

அண்ணி அவனைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போகிறார். அவன்தான் முன்னால் போகிறானாம்.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்தான். இரண்டு மாடி ஏறி, நடுவில் உட்கார்ந்து, மறுபடி ஏறி. இவர் மேஜையில் தன் ஓரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "உங்க தங்கச்சி சூடான கம்பியை எப்போ எடுப்பாங்கன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"எடுக்கறதா? இன்னும் பாதிகூட முடியலையே மாப்பிள்ளை" என்றான் அண்ணன், கண்ணைச் சிமிட்டாமல்.

ரேடியேட்டர் குழாயின் வளைவு பற்றிச் சண்டை. அவன் சொன்னது சரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் போன பிறகு மாற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் காரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவன் அன்று சொன்ன குறையெல்லாம் தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு சொன்னதும். தேடிப் பார்த்தேன், எதுவும் பாக்கி இல்லை. சைலன்சர் குழாய் இரண்டையும் நன்றாக உற்றுப் பார்த்தேன். இடதுபக்கம் தரைக்குக் கொஞ்சம் அதிகமாகத் தாழ்கிறதோ? மேடு பள்ளத்தில் தட்டும். இரண்டையும் கழற்றினேன்.

மத்தியானம் அண்ணன் பேசினான். டாக்டரிடம் போய் வந்தானாம். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு, "காரு எது வரைக்கும் வந்திருக்கு?" என்றான்.

"சைலன்சர் சரியில்ல. இன்னைக்குத்தான் கழற்றினேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"நல்ல வேலை பண்ணின" என்றான். "யோசிச்சு மாட்டு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."